வேர்ச்சுவல் மெசினில் லினக்ஸ் ஏறவில்லை, மூன்று தடவையும் ஒரே இடத்தில் நின்றுவிட்டது

உப்புவெளிப் பையன் | வெள்ளி இரவு 9.12

வணக்கம் அண்ணாமார், அக்காமார். மூன்று நாளாக இதோடு மல்லுக்கட்டுகிறேன், முடியவில்லை.

வகுப்புக்கு லினக்ஸ் வேண்டும். லப்டொப்பில் விண்டோஸ் 10 இருக்கிறது, வீட்டில் எல்லோரும் பாவிக்கிறார்கள், அதை அழித்தால் எனக்குச் சோறு இல்லை. அதனால் வேர்ச்சுவல்பொக்ஸில் (விண்டோஸுக்குள்ளேயே வேர்ச்சுவல் மெசின் என்ற இன்னொரு கொம்பியூட்டரை ஓட்டும் மென்பொருள்) லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஈ போடலாம் என்று தொடங்கினேன். ரேம் 8 ஜிபி, அதில் 3 ஜிபி கொடுத்தேன். வேர்ச்சுவல் டிஸ்க் 25 ஜிபி, விடிஐ (வேர்ச்சுவல்பொக்ஸ் அந்த டிஸ்கைச் சேமிக்கும் பைல் வடிவம்), டைனமிக். லைவ் திரை (இன்ஸ்டோல் செய்யாமலே ஓடும் லினக்ஸ்) நன்றாக வருகிறது, ஃபயர்பொக்ஸ்கூடத் திறக்கிறது. இன்ஸ்டோல் கொடுத்தால் கோப்புகளைக் கொப்பி செய்யும் இடத்தில் பாதி வழியில் திரை முழுவதும் சாம்பல் நிறமாகி நின்றுவிடுகிறது. மவுஸ் அசையாது. மூன்று தடவை மெசினை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கினேன். மூன்று தடவையும் ஏறக்குறைய அதே இடம்.

சி டிரைவில் 11 ஜிபிதான் மிச்சம். ஆகவே மெசினை வெளி ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கிறேன். பழைய கொம்பியூட்டரின் 500 ஜிபி டிஸ்க், கேசிங் போட்டது. அதில் 300 ஜிபிக்கு மேல் காலி. இடப் பிரச்சினை இல்லை.

புள்ளிமான் | வெள்ளி இரவு 9.40

தம்பி, முதலில் மெசின் ஜன்னலின் கீழ் வலது மூலையைப் பாருங்கள். அங்கே ஒரு பச்சை ஆமை இருக்கிறதா? இருந்தால் விண்டோஸின் சொந்த வேர்ச்சுவல் மெசின் அமைப்பான ஹைப்பர்-வி முன்னால் நின்றுகொண்டு வேர்ச்சுவல்பொக்ஸை நேரே புரொசசரைத் தொடவிடாமல் தடுக்கிறது என்று அர்த்தம். எல்லாம் நத்தை வேகத்தில் போகும், சில நேரம் நின்றுவிட்டதுபோலத் தெரியும். விண்டோஸ் செக்யூரிட்டியில் மெமரி இன்டெக்ரிட்டி என்று ஒன்று இருக்கிறது, அதை நிறுத்தினாலே பல லப்டொப்பில் ஆமை போய்விடும். பாதுகாப்புக் கொஞ்சம் குறையும், அது உங்கள் முடிவு.

பயோஸில் விடி-எக்ஸ் (வேர்ச்சுவல் மெசினுக்குப் புரொசசர் தரும் உதவி) போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

உப்புவெளிப் பையன் | வெள்ளி இரவு 9.58

ஆமை இல்லை அண்ணா, நீல நிற வி தான் நிற்கிறது. விடி-எக்ஸ் போடாவிட்டால் லைவ் திரையே வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

புள்ளிமான் | வெள்ளி இரவு 10.03

ஓம், அது சரி. நான் அவசரப்பட்டுவிட்டேன்.

கன்னியா ஏழாம் கிணறு | வெள்ளி இரவு 10.30

ஐஎஸ்ஓ (நீங்கள் இறக்கிய லினக்ஸ் இன்ஸ்டோல் பைல்) பழுதாக இருக்கலாம். ஒரே இடத்தில் நிற்பது அதற்குத்தான் பொருந்துகிறது: டவுன்லோடில் ஒரு துண்டு கெட்டுப்போனால் இன்ஸ்டோலர் ஒவ்வொரு தடவையும் அந்தத் துண்டில் போய்த்தான் இடறும். டேட்டா முடிந்து, நடுவில் விட்டு, மறுபடி தொடங்கி இறக்கியிருந்தால் நிச்சயம் சரிபார்க்க வேண்டும். விண்டோஸில் சேர்ட்யூட்டில் என்ற கட்டளை இருக்கிறது, ஹாஷ்ஃபைல் என்று கொடுத்து, ஐஎஸ்ஓவின் பெயரைக் கொடுத்து, கடைசியில் எஸ்எச்ஏ256 என்று போடுங்கள். வரும் 64 எழுத்தும் (பைலின் கைரேகை போன்ற ஹாஷ்) மின்ட் தளத்தில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். முதல் நாலும் கடைசி நாலும் பார்த்துவிட்டு விடாதீர்கள் என்று சொல்வார்கள், நான் எப்போதும் அப்படித்தான் பார்க்கிறேன், இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

உப்புவெளிப் பையன் | வெள்ளி இரவு 11.15

பார்த்தேன். 64 எழுத்தும் ஒத்துப்போகிறது. அம்மாவை வாசிக்கச் சொல்லி நான் டிக் போட்டேன்.

புள்ளிமான் | சனி காலை 7.20

அப்படியென்றால் அந்த வெளி டிஸ்கில்தான் எனக்குச் சந்தேகம். பழைய டிஸ்க், கடலுக்குப் பக்கத்தில் வீடு. எங்கள் ஊர் உப்புக்காற்று ஆணியையே விடுவதில்லை, யூஎஸ்பி முனையை விடுமா? டிஸ்கில் மோசமான செக்டர் (பழுதான சின்னப் பகுதி) இருந்தாலும் இப்படி நிற்கும். விண்டோஸில் செக்டிஸ்க் ஓட்டிப் பாருங்கள்.

உப்புவெளிப் பையன் | சனி மதியம் 1.47

காலையிலிருந்து ஓடி இப்போதுதான் முடிந்தது. ஒரு மோசமான செக்டரும் இல்லை. சோதனைக்கு மின்ட் ஐஎஸ்ஓவையே அந்த டிஸ்குக்குக் கொப்பி செய்து பார்த்தேன், 3 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு, சிக்கலில்லாமல் போனது. கொப்பி செய்ததன் ஹாஷும் சரி. டிஸ்க் நல்ல டிஸ்க்.

உவர்மலை அக்கா | சனி பிற்பகல் 2.10

தம்பி, மூன்று கேள்வி. திரை சாம்பல் நிறமாகும்போது ஜன்னலின் தலைப்பில் மெசின் பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது? அந்த நேரத்தில் ஏதாவது பெட்டி ஒன்று குதித்து வந்ததா, நீங்கள் ஓகே அடித்து மூடினீர்களா? நின்ற பிறகு அந்த விடிஐ பைலின் அளவு எவ்வளவு?

உப்புவெளிப் பையன் | சனி பிற்பகல் 2.31

தலைப்பில் போஸ்ட், அதாவது இடைநிறுத்தம், என்று இருக்கிறது. ஓம், ஒரு பெட்டி வரும், ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ, மூடிவிடுவேன். விடிஐ 3.99 ஜிபி.

பழைய மெசின் ஒன்றை ரீசைக்கிள் பின்னில் இருந்து எடுத்துப் பார்த்தேன். அதுவும் 3.99 ஜிபி. அக்கா, இதென்ன?

உவர்மலை அக்கா | சனி பிற்பகல் 2.38

உங்கள் வெளி டிஸ்க் ஃபேட்32. பந்தயம்.

உப்புவெளிப் பையன் | சனி பிற்பகல் 2.44

ஓம்!! ப்ரொப்பர்டீஸில் ஃபேட்32 என்றுதான் இருக்கிறது. டிவியில் செருகிப் படம் பார்ப்பதற்காக ஒரு கடையில் கொடுத்து அப்படி ஆக்கினோம். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

உவர்மலை அக்கா | சனி பிற்பகல் 3.20

சாம்பல் நிறம்தான் காட்டிக்கொடுத்தது. லினக்ஸ் உள்ளே தடக்கி விழுந்தால் திரை சாம்பலாகாது. கறுப்புத் திரையில் எழுத்து ஓடும், அல்லது இன்ஸ்டோலரே மன்னிப்புக் கேட்டு ஒரு பெட்டி காட்டும். முழுத்திரையும் மங்கிப் போஸ்ட் என்று வந்தால், வேர்ச்சுவல்பொக்ஸே வண்டியை ஓரம் கட்டிவிட்டது என்று பொருள். அதாவது கோளாறு வெளியே, விண்டோஸ் பக்கம். நீங்கள் மூன்று நாளும் உள்ளே தேடியிருக்கிறீர்கள்.

ஃபேட்32 என்பது டிஸ்கில் பைல்களை அடுக்கி வைக்கும் ஒரு பழைய முறை. அதில் ஒவ்வொரு பைலின் அளவையும் குறித்து வைக்க 32 பிட் இடம்தான் உண்டு. அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,29,49,67,295. அத்தனை பைட்டுக்கு மேல் ஒரு தனிப் பைல் வளரவே முடியாது, டிஸ்கில் 300 ஜிபி காலியாகக் கிடந்தாலும் சரிதான். 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. உங்கள் ஐஎஸ்ஓ 3 ஜிபிக்குள் இருந்ததால் கொப்பி ஆனது, அதனால் டிஸ்க் நல்லது என்று நம்பிவிட்டீர்கள். டிஸ்க் நல்லதுதான், பாவம் அதற்கும் எல்லை உண்டு.

டைனமிக் விடிஐ பிறக்கும்போது சில எம்பிதான். மின்ட் உள்ளே எழுத எழுத அது ஒவ்வொரு எம்பியாக வளரும். ஐஎஸ்ஓவில் எல்லாம் அமுக்கி வைத்திருப்பதால் விரித்தால் இரண்டு மூன்று மடங்காகும், ஆகவே 4 ஜிபியைத் தாண்டாமல் இன்ஸ்டோல் முடியாது. ஒரே ஐஎஸ்ஓ, ஒரே ஒழுங்கில் கொப்பி, ஆகவே மூன்று தடவையும் ஒரே இடத்தில் சுவரில் முட்டியது. ஃபிக்ஸ்ட் டிஸ்க் தெரிவுசெய்திருந்தால் உருவாக்கும்போதே தகராறு வந்து முதல் நாளே தெரிந்திருக்கும்.

நீங்கள் மூடிய அந்தப் பெட்டியைத் தயவுசெய்து ஒரு தடவை வாசியுங்கள். பைலின் அளவு எல்லையைத் தாண்டிவிட்டது, பெரிய பைலை ஏற்கும் இடத்துக்கு மாற்று என்று அதில் அப்படியே எழுதியிருக்கும்.

உப்புவெளிப் பையன் | சனி பிற்பகல் 3.41

வாசித்தேன். அப்படியேதான் இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது அக்கா.

கன்னியா ஏழாம் கிணறு | சனி பிற்பகல் 3.55

வெட்கப்பட வேண்டாம். நானும் ஹாஷ் பார், ஹாஷ் பார் என்றேன்.

தீர்வு சுலபம். விண்டோஸில் கொன்வேர்ட் என்ற கட்டளை, டிரைவ் எழுத்து, பிறகு எஃப்எஸ் என்டிஎஃப்எஸ். உள்ளே இருக்கும் பைல் அழியாமலே ஃபேட்32, 4 ஜிபி எல்லை இல்லாத என்டிஎஃப்எஸ் ஆகிவிடும். ஆனால் திரும்பி வரும் வழி இல்லை, மறுபடி ஃபேட்32 வேண்டுமென்றால் ஃபோர்மட்தான். முக்கியமானவற்றை வேறெங்காவது ஒரு கொப்பி எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

உப்புவெளிப் பையன் | சனி மாலை 5.05

அப்பாவிடம் கேட்டேன். முடியாது என்றுவிட்டார். எங்கள் டிவி என்டிஎஃப்எஸ் எடுக்காது. அவருடைய பழைய படமெல்லாம் அதில்தான் இருக்கிறது.

புள்ளிமான் | சனி மாலை 5.30

டிஸ்கை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பங்கு அப்பாவுக்கு, ஒரு பங்கு மின்ட்டுக்கு. விண்டோஸின் டிஸ்க் மனேஜ்மென்டால் ஃபேட்32 ஐச் சுருக்க முடியாது, ஜிபார்ட்டெட் என்ற மென்பொருள் வேண்டும்.

உப்புவெளிப் பையன் | சனி மாலை 5.36

ஜிபார்ட்டெட் லினக்ஸில்தானே ஓடும்?

புள்ளிமான் | சனி மாலை 5.38

ஓம். லினக்ஸ் போட லினக்ஸ் வேண்டும். (லைவ் பென் டிரைவில் ஓடும் என்று சொல்ல வந்தேன்.)

உவர்மலை அக்கா | சனி மாலை 6.15

பிரிக்கவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம். அப்பாவின் படம் இருக்கும் டிஸ்கில் பார்ட்டிஷனைச் சுருக்கி, நடுவில் கரண்ட் போனால் அந்த வீட்டில் நான் பொறுப்பேற்க மாட்டேன்.

விடிஐயை விட்டுவிட்டு விஎம்டிகே எடுங்கள். விஎம்வேரின் வடிவம், வேர்ச்சுவல்பொக்ஸும் படிக்கும். அதில் 2 ஜிபிக்குக் குறைவான துண்டுகளாகப் பிரி என்று ஒரு தெரிவு உண்டு, மீடியா மனேஜரில் புதிய டிஸ்க் உருவாக்கும்போது வரும். 25 ஜிபி டிஸ்க் 13 துண்டாகும், கூடவே எந்தத் துண்டு எங்கே என்று சொல்லும் சின்னப் பைல் ஒன்று. எந்தத் துண்டும் 4 ஜிபியைத் தொடாது. டிவி அந்தப் பைல்களைப் படமென்று நினைத்து எடுக்கவும் மாட்டாது.

இதில் ஒரு குறை இருக்கிறது: துண்டாக்கிய விஎம்டிகேயைப் பிறகு பெரிதாக்குவது விடிஐ போல ஒரு கட்டளையில் முடியாது, வேறு டிஸ்குக்கு மாற்றித்தான் செய்ய வேண்டும். ஆகவே 25 போதுமா, 40 வேண்டுமா என்று இப்போதே முடிவெடுங்கள். 40 கொடுத்தாலும் எழுதும் அளவுக்குத்தான் இடம் போகும்.

கேபிளை நீல நிற யூஎஸ்பி துளையில் செருகுங்கள். மெசின் ஓடும்போது ஆடவிடாதீர்கள். கேபிள் ஒரு நொடி விட்டால்கூட மின்ட்டுக்குத் தன் ஹார்ட் டிஸ்கை யாரோ பிடுங்கிவிட்டதுபோல இருக்கும்.

உப்புவெளிப் பையன் | சனி இரவு 10.50

ஏறிவிட்டது!! 40 ஜிபி, துண்டு துண்டாக. இன்ஸ்டோல் முடிந்தது என்று சொல்லிவிட்டது. ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் பூட் செய்ய ஒன்றும் இல்லை, நோ பூட்டபிள் மீடியம் என்கிறது.

கன்னியா ஏழாம் கிணறு | சனி இரவு 11.02

நடுவில் எதையாவது மாற்றினீர்களா?

உப்புவெளிப் பையன் | சனி இரவு 11.06

இன்ஸ்டோல் முடிந்த பிறகு ஒரு வீடியோவில் ஈஎஃப்ஐ வேண்டாம் என்று சொன்னார்கள், டிக் எடுத்தேன்.

கன்னியா ஏழாம் கிணறு | சனி இரவு 11.09

டிக்கைத் திரும்பப் போடுங்கள். ஈஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில் இன்ஸ்டோல் செய்தால் பூட்லோடர் (லினக்ஸைத் தொடக்கிவிடும் புரோகிராம்) ஒரு சின்ன ஃபேட் பார்ட்டிஷனுக்குள் பைலாக இருக்கும். பழைய பயோஸுக்கு அங்கே பார்க்கத் தெரியாது, டிஸ்கின் முதல் செக்டரில்தான் தேடும். எந்த முறையில் போட்டீர்களோ அதே முறையில் ஓட்டுங்கள். வீடியோக்காரர் சொன்னது அவருடைய மெசினுக்கு.

உப்புவெளிப் பையன் | சனி இரவு 11.15

வந்துவிட்டது. நன்றி. தூங்கப் போகிறேன்.

கிண்ணியாப் பாலம் | ஞாயிறு காலை 8.30

இதிலேயே கேட்டுவிடுகிறேன், எனக்கும் டிஸ்க் பிரச்சினைதான். பிள்ளைகளுக்குப் படிப்பிக்க உபுண்டு சர்வர் ஒன்று வேர்ச்சுவல்பொக்ஸில் வைத்திருக்கிறேன். 25 ஜிபி, டைனமிக். நேற்று இடமில்லை என்று பக்கேஜ் ஏறவில்லை. டிஎஃப் (டிஸ்க் இடத்தைக் காட்டும் கட்டளை) அடித்தால் மொத்தமே 11 ஜிபி சொச்சம் என்கிறது. டைனமிக் என்றால் தேவைக்கு ஏற்ப வளரும் என்றுதானே அர்த்தம்? ஏன் வளரவில்லை?

உவர்மலை அக்கா | ஞாயிறு காலை 9.10

நானா, டைனமிக் என்ற சொல்தான் எல்லோரையும் குழப்புகிறது. கந்தளாய்க் குளத்தை நினையுங்கள். கட்டு எவ்வளவு தண்ணீரைத் தாங்கும் என்பது கட்டிய நாளிலேயே முடிவானது, அதுதான் உங்கள் 25 ஜிபி. உபுண்டு பார்ப்பது அந்தக் கொள்ளளவை, அது தானாக வளராது. டைனமிக் என்பது தண்ணீர் மட்டம், அதாவது விண்டோஸில் அந்த விடிஐ பைல் பிடிக்கும் இடம். அதுதான் எழுத எழுத ஏறும்.

ஒரு இடத்தில் மட்டும் குளக் கதை உதவாது. குளத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டால் மட்டம் இறங்கும். உபுண்டுவுக்குள் 5 ஜிபி அழித்தாலும் விடிஐ இறங்காது. உள்ளே காலி இடத்தைப் பூச்சியத்தால் நிரப்பி, மெசினை நிறுத்தி, வெளியே வந்து கொம்பேக்ட் செய்தால்தான் சுருங்கும்.

ஆனால் உங்கள் பிரச்சினை இது இல்லை. 25 இல் 11 தெரிகிறதென்றால் எல்விஎம் (டிஸ்கை வொலியூம்களாகப் பங்கிடும் முறை) போட்டிருக்கிறீர்கள்.

கிண்ணியாப் பாலம் | ஞாயிறு காலை 9.25

இன்ஸ்டோலர் டிக் போட்டு வைத்திருந்தது, நான் தொடவில்லை.

உவர்மலை அக்கா | ஞாயிறு காலை 9.50

எல்லோருக்கும் அப்படித்தான். உபுண்டு சர்வர் இன்ஸ்டோலரின் வழக்கம் இது: எல்விஎம்மில் மிஞ்சும் இடம் 20 இலிருந்து 200 ஜிபிக்குள் என்றால் ரூட்டுக்கு (உபுண்டு இருக்கும் முக்கிய வொலியூமுக்கு) பாதியைத்தான் கொடுக்கும். 200 ஐத் தாண்டினால் 100 ஜிபி. 10 ஜிபிக்குக் குறைந்தால் மட்டும் முழுவதும். மீதியைப் பின்னால் ஸ்னாப்ஷொட்டுக்கோ (ஒரு நேரத்து நிலையின் பதிவு) வேறு வொலியூமுக்கோ என்று ஒதுக்கி வைக்கிறது. நல்ல எண்ணம்தான், ஆனால் ஒரு வரி சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம் என்பது என் மனக்குறை. உங்கள் 25 இல் பூட்டுக்கு 2 ஜிபி போக 23, அதில் பாதி 11.5. கணக்குச் சரி.

பெரிதாக்க வெளியே ஒன்றும் செய்ய வேண்டாம். விஜிஎஸ் என்று அடியுங்கள், கடைசி நிரலில் காலி இடம் தெரியும். பிறகு சூடோ எல்விஎக்ஸ்டெண்ட், இடைவெளி விட்டுக் கழித்தல் குறி ஆர், கழித்தல் குறி எல் (சிறிய எழுத்து), கூட்டல் 100, வீதக் குறி, ஃப்ரீ என்பது பெரிய எழுத்தில், கடைசியில் டெவ் அடியில் உபுண்டு-விஜி, உபுண்டு-எல்வி. போனில் இருந்து எழுதுவதால் வாயால் சொல்வதுபோல வந்துவிட்டது, மன்னியுங்கள். அந்த ஆர் முக்கியம். அது இல்லாவிட்டால் வொலியூம் பெரிதாகும், உள்ளே இருக்கும் ஃபைல் சிஸ்டம் பழைய அளவிலேயே கிடக்கும், டிஎஃப் மறுபடி 11 என்றே சொல்லும். மெசினை நிறுத்தத் தேவையில்லை, ஓடும்போதே விரியும்.

கிண்ணியாப் பாலம் | ஞாயிறு காலை 10.20

மாஷா அல்லாஹ், 23 காட்டுகிறது. நான் வேறொன்றும் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது உதவும். இங்கே எழுதுவதற்கு முன் இன்னொரு மெசினில் டிஸ்கையே 25 இலிருந்து 50 ஆக்கினேன். மீடியா மனேஜர் 50 என்கிறது, உள்ளே 25 தான்.

புள்ளிமான் | ஞாயிறு காலை 10.41

அந்த மெசினில் ஸ்னாப்ஷொட் இருக்கிறதா?

கிண்ணியாப் பாலம் | ஞாயிறு காலை 10.44

நான்கு இருக்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்று.

புள்ளிமான் | ஞாயிறு காலை 11.00

அதுதான். ஸ்னாப்ஷொட் எடுத்த நொடியில் அடி டிஸ்க் உறைந்துவிடும், அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் மேலே ஒரு புதிய வித்தியாசப் பைலில் போகும். நீங்கள் பெரிதாக்கியது அடியில் உறைந்து கிடப்பதை. ஓடுவது உச்சியில் உள்ளது, அது இன்னும் 25. ஸ்னாப்ஷொட் தேவையில்லை என்றால் ஒவ்வொன்றாக அழித்து ஒன்றாக்கிவிட்டுப் பெரிதாக்குங்கள். பாடத்துக்குத் தேவையென்றால் இப்போதைய நிலையை மட்டும் முழு குளோன் எடுத்து, குளோனைப் பெரிதாக்குங்கள். அழிக்கும்போது இணைப்பதற்கு விண்டோஸ் பக்கம் நல்ல காலி இடம் வேண்டும். இந்தத் தடவை நான் சொன்னது சரியாக இருக்கும்.

உப்புவெளிப் பையன் | செவ்வாய் இரவு 8.15

மறுபடி நான்தான். பின்னேரம் கரண்ட் போனது. லப்டொப் பட்டரி எப்போதோ செத்துவிட்டது, அப்படியே நின்றுவிட்டது. இப்போது மின்ட் திறந்தால் கறுப்புத் திரையில் அடைப்புக்குறிக்குள் இனிட்ராம்எஃப்எஸ் என்று வந்து நிற்கிறது. இந்தத் தடவை வாசித்துவிட்டேன்: எஸ்டிஏ2 இல் பிழை, எஃப்எஸ்சிகேயை (ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தும் கட்டளை) கையால் ஓட்டு என்று சொல்கிறது.

உவர்மலை அக்கா | செவ்வாய் இரவு 8.32

சொன்னதைச் செய்யுங்கள். எஃப்எஸ்சிகே, கழித்தல் குறி வை, பிறகு டெவ் எஸ்டிஏ2. எல்லாவற்றுக்கும் ஆம் என்று பதில் சொல்லிக்கொண்டே திருத்தும். முடிந்ததும் எக்சிட்.

2022 இல் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாத காலத்தில் இந்தத் திரையை நான் வாரம் ஒரு தடவையாவது பார்த்தேன். ஒரு பழக்கம் செய்துகொள்ளுங்கள்: வகுப்பு வேலையை மெசினுக்குள் மட்டும் வைக்க வேண்டாம், ஷேர்ட் ஃபோல்டர் ஒன்று போட்டு விண்டோஸ் பக்கமும் இருக்கட்டும். பட்டரியையும் மாற்றுங்கள்.

உப்புவெளிப் பையன் | செவ்வாய் இரவு 9.04

திருத்திவிட்டது, எக்சிட் அடித்ததும் மின்ட் வரத் தொடங்கியது. ஆனால் டெஸ்க்டொப் வருவதற்குள் அப்பா வந்து டிஸ்கைக் கழற்றிக்கொண்டு போய் டிவியில் செருகிவிட்டார். திரை மறுபடி சாம்பல் நிறம். படம் முடிய இன்னும் இரண்டு மணி நேரமாம்.

புள்ளிமான் | செவ்வாய் இரவு 9.06

பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்தீர்களா?